ஃபேனைக் கூட்டு, ஃபேனைக் குறை

போன மாதம் என் மகள் என்னைக் காரைக்குடியில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு ஏ.சி. ஹோட்டலுக்கு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனாள். பக்கத்து மேசையில் சால்வை போர்த்தியிருந்த ஓர் அம்மாள், "குளிருது, ஏ.சி.யைக் குறைங்க" என்றார். அதற்கு அடுத்த மேசையில் சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்த பெரியவர், "குறைச்சா நான் எந்திரிச்சுப் போயிருவேன்" என்றார். முன்பின் தெரியாத இரண்டு பேரும் ஐந்து நிமிஷத்தில் பங்காளிகள் மாதிரி முறைத்துக்கொண்டார்கள். பரிமாறிக்கொண்டிருந்த தம்பி நிதானமாக, "மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே மெஷின் சார், எங்க கையில ஒண்ணும் இல்ல" என்றான். இருவரும் அடங்கிவிட்டார்கள். நான் சிரித்த சிரிப்பில் ரசம் மூக்கில் ஏறியது. மகளுக்கு ஒரே வெட்கம்.

"எங்கள் கையில் இல்லை" என்று சொல்லும் வசதி எனக்கு அந்தக் காலத்தில் இருந்திருந்தால் என் தலைமுடி இன்னும் பத்து வருஷம் கறுப்பாக இருந்திருக்கும். செக்காலை ரோட்டில் ஒரு சைவச் சாப்பாட்டு ஹோட்டலில் நான் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவன். இதைக் கேள்விப்பட்டு அந்தப் புது ஹோட்டல் மேனேஜர் எங்கள் மேசைக்கே வந்துவிட்டார். கேட்டரிங் படித்த பையன், மரியாதை தெரிந்தவர். "உங்க காலத்துலதான் ஏ.சி.யே இல்லையே ஐயா, அப்ப என்ன சண்டை வந்திருக்கும்?" என்று கேட்டார். எங்கள் ஆட்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன், எழுதிக் கொடுங்கள் என்றும் சொன்னார். அவர் கேட்ட கேள்விக்குக் கோபம்தான் வந்தது; கோபத்தில்தான் பேனாவை எடுத்தேன். எழுத எழுதக் கோபம் போய்விட்டது.

என் பெயர் சவரிமுத்து. சாக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். அறுபதுகளின் தொடக்கத்தில் அந்த ஹோட்டலில் மேசை துடைக்கச் சேர்ந்தேன். பிறகு தண்ணீர் வைத்தேன், இலை போட்டேன், சாம்பார் வாளி தூக்கினேன், கையைச் சுட்டுக்கொண்டேன். இதெல்லாம் எல்லோரும் பட்டதுதான். ஆறேழு வருஷத்தை இந்த இரண்டு வரியோடு விட்டுவிடுகிறேன்.

எங்கள் கூடத்தைச் சொன்னால்தான் சண்டை புரியும். நீளமான கூடம். தெருப் பக்கம் நான்கு சன்னல், பின்பக்கம் அடுப்படி, மேலே நீளக் கம்பியில் தொங்கும் ஐந்து ஃபேன். சன்னலைத் திறந்தால் பஸ் கிளப்பும் செம்மண் புழுதி உள்ளே வரும். மூடினால் அடுப்படியில் மிளகாய் தாளிக்கிற நெடி வெளியே போகாது. ஃபேனைப் போட்டால் சோறு ஆறிவிடும், இலையின் நுனி எழும்பிக் கூட்டின் மேல் கவிழும். நிறுத்தினால் வியர்வை மூக்கு நுனியிலிருந்து மோரில் சொட்டும். இந்த நாலு தொல்லைக்கும் நடுவில்தான் ஒரு மேசைக்கு நாலு பேராக, ஒருவரை ஒருவர் அறியாதவர்களை உட்கார வைத்துச் சோறு போட்டோம்.

இதில் சனிக்கிழமை ஒரு தனி ரகம். அன்றைக்கு ஊரில் பாதி ஆண்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வருவார்கள். தலை ஈரம் காயாமல், சீயக்காய் வாசத்தோடு, கண் சிவக்க வந்து உட்காருவார்கள். அவர்களுக்கு ஃபேன் காற்று எமன். சளி பிடிக்கும், கழுத்து பிடிக்கும், காய்ச்சல் வரும். அதே நேரத்தில் கோர்ட்டு வேலை, கொப்பரை வியாபாரம் என்று வெயிலில் அலைந்தவர்கள் சட்டை முதுகோடு ஒட்டிப்போய் எதிரே வந்து உட்காருவார்கள். ஒருவர் "போடு" என்பார். இன்னொருவர் "நிறுத்து" என்பார். ஒரு சனிக்கிழமை, ஈரத்தலைக்காரர் ஒருவர் ஃபேன் நிற்காது என்று தெரிந்ததும் இடுப்புத் துண்டை எடுத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, "நான் இப்படியே திங்கிறேன், எவன் கேக்குறதுன்னு பாக்குறேன்" என்று முழுச் சாப்பாட்டையும் முடித்தார். பாயசம் கூட இரண்டு தரம் கேட்டு வாங்கினார்.

ஆடி மாதம் வந்தால் ஃபேனே வேண்டாம். சன்னல் காற்றே இலையைத் தூக்கும். இலை நுனியில் தண்ணீர் டம்ளரை வைக்க வேண்டும், அப்பளத்தைச் சோறு விழுந்த பிறகுதான் வைக்க வேண்டும், அதையும் சோற்றில் ஓரமாகச் செருகி வைக்க வேண்டும். இது எங்கள் சட்டம். ஒரு நாள் அவசரத்தில் வெறும் இலையில் அப்பளத்தை வைத்துவிட்டேன். அது பறந்து போய் எதிர் மேசைக்காரர் இலையில் உட்கார்ந்தது. அவர் நிமிர்ந்து பார்க்காமலே நொறுக்கித் தின்றுவிட்டார். பறிகொடுத்தவர் எழுந்து நின்று, "யோவ், அது என் அப்பளம்" என்றார். தின்றவர், "எம் எலையில கெடந்தா எம் அப்பளம்" என்றார். இருவரும் பெரிய மனிதர்கள். ஒருவர் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர். நான் ஆளுக்கு இரண்டு அப்பளம் வைத்தும் அடங்கவில்லை. வேறு அப்பளம் வேண்டாமாம், நியாயம் வேண்டுமாம்.

இந்த மாதிரி நேரத்தில்தான் எங்கள் மேனேஜர் வருவார். மாணிக்கம் என்று பெயர். நாங்கள் மேனேஜர் அண்ணன் என்போம். குள்ளமான ஆள், வெள்ளைச் சட்டை, தோளில் மடிப்புக் கலையாத துண்டு. ஓடியோ, குரலை உயர்த்தியோ நான் பார்த்ததில்லை. சண்டை நடக்கும் மேசைக்கு நடந்து வந்து, இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, முதலில் சம்பந்தமே இல்லாமல், "கொழம்பு எப்படி இருக்கு? இன்னைக்குப் புளி கொஞ்சம் தூக்கலோ?" என்று கேட்பார். அந்த நேரத்தில் யாரும் குழம்பைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியாது. இரண்டு பேரும் ஒரு வாய் எடுத்துச் சுவைத்துப் பார்ப்பார்கள். சண்டையின் சூடு அதிலேயே பாதி இறங்கிவிடும். அதற்குப் பிறகு யார் என்ன கேட்டாலும் அவர் சொல்வது ஒரே வார்த்தைதான்: "ஆகட்டும்." ஃபேனைக் கூட்டு என்றால் ஆகட்டும், குறை என்றாலும் ஆகட்டும், சன்னலைச் சாத்து என்றாலும் ஆகட்டும். இல்லை என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

ஆகட்டும் என்று சொன்ன பிறகு எதையாவது செய்ய வேண்டுமே. அதற்கு எங்களிடம் ஒரு தந்திரம் இருந்தது.

நடு ஃபேனின் ரெகுலேட்டர் ஒரு கோடையில் கருகிப்போனது. எலக்ட்ரீஷியன் வந்து வயரை நேராகச் சுவிட்சில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதிலிருந்து ஃபேன் ஒரே வேகத்தில்தான் சுற்றும். சுவரில் இருந்த கறுப்புக் குமிழ் மட்டும் சும்மா அப்படியே இருந்தது. ஒரு சனிக்கிழமை ஈரத்தலைக்காரர் ஒருவர் சத்தம் போட, பழக்க தோஷத்தில் நான் போய் அந்தக் குமிழைத் திருகினேன். டக், டக் என்று இரண்டு சத்தம். திருகிய பிறகுதான் அது எதோடும் சேரவில்லை என்ற ஞாபகமே வந்தது. திரும்பிப் பார்த்தால் அவர், "ம்... இப்பச் சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சாம்பாரைப் பிசைந்துகொண்டிருந்தார். எதிரே இருந்தவர் கூட, "கொறச்சாலும் காத்து நல்லாத்தான் இருக்கு" என்றார். ஒருவரும் தலையைத் தூக்கி ஃபேனைப் பார்க்கவில்லை. அடுப்படிக்குள் ஓடிப்போய் நான் சிரித்த சிரிப்பு இப்போதும் நினைவிருக்கிறது.

மேனேஜர் அண்ணனிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, யோசித்தார். ஒரே வாரத்தில் மற்ற ஃபேன்களின் குமிழ்களையும் அப்படியே ஆக்கிவிட்டார். குடும்ப அறையில் இருந்ததையும் சேர்த்துத்தான். அந்தக் குமிழ்களுக்கு நாங்கள் வைத்த பெயர் 'சமாதானம்'. "சவரி, மூணாவது மேசைக்குச் சமாதானம்" என்று அண்ணன் சொன்னால், நான் போய்ச் சத்தமாக இரண்டு தரம் திருகிவிட்டு வர வேண்டும். சத்தம் முக்கியம். திருகிவிட்டு ஒரு முறை மேலே பார்த்துத் தலையாட்ட வேண்டும், அதுவும் முக்கியம். இதில் நான் கைதேர்ந்தவன். பெருமையாகவே சொல்கிறேன், என் தலையாட்டலுக்கே பாதிப் பேருக்குக் குளிர்ந்துவிடும்.

இப்போது நான் சொல்ல வந்த நாளுக்கு வருகிறேன். அறுபதுகளின் கடைசியில் ஒரு சித்திரை மாதம், கத்திரி வெயில். எனக்கு அப்போது ஒரு கல்யாணப் பேச்சு. பெண் தேவகோட்டைப் பக்கம், பெயர் ரீட்டா. பெண்ணின் அப்பா பங்குக் கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். "சப்ளையருக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன். சூப்பர்வைசர்னா பேசலாம்" என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். மேனேஜர் அண்ணன் இரக்கப்பட்டு மூன்று மாதம் என்னைச் சூப்பர்வைசராக நிறுத்திப் பார்க்கிறேன் என்றார். மூன்று மாதம் முடிய இன்னும் நாலு நாள்தான் பாக்கி. அந்த நாலு நாளை எந்தக் குறையும் இல்லாமல் ஓட்டிவிட்டால் எனக்கு வேலையும் உறுதி, ரீட்டாவும் உறுதி.

குடும்ப அறை கூடத்துக்குப் பின்னால், அடுப்படியை ஒட்டி இருந்தது. இரண்டு மேசை, ஒரு ஃபேன், ஒரே ஒரு சன்னல். அந்தச் சன்னலுக்கு வெளியே ஒரு சந்து. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாம் நிழலுக்கு அங்கேதான் ஒதுங்குவார்கள். அன்றைக்கு முதல் மேசையில் எங்கள் பழைய வாடிக்கையான ஓர் ஆச்சி இருந்தார். கல்யாணமாகி நாற்பது நாள் ஆன மகளையும் புது மாப்பிள்ளையையும் துணிக்கடைக்குக் கூட்டி வந்துவிட்டு, அப்படியே சாப்பிட வந்திருந்தார். உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "சன்னலச் சாத்து." சாத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் ஓர் இளம் தம்பதி வந்தார்கள். முஸ்லிம் குடும்பம். கணவர் புதுச் சட்டையும் கையில் தோல் பையுமாக இருந்தார். அந்த அம்மா வெள்ளைத் துப்பட்டி போர்த்தியிருந்தார். சாயங்கால ரயிலில் மெட்ராஸ் போய், அங்கிருந்து கப்பலில் பினாங்கு போகிறார் என்பதை அவரே சொன்னார். மனைவி வழியனுப்ப வந்திருந்தார். இரண்டாவது மேசையில் இலை போட்டேன். அறை வெந்துகொண்டிருந்தது. அவர் எழுந்து பணிவாகத்தான் கேட்டார்.

"அந்தச் சன்னலக் கொஞ்சம் தெறந்துக்கிறலாமா?"

நான் வாய் திறக்கும் முன் ஆச்சி பதில் சொன்னார். "அது இருக்கட்டும் தம்பி. எங்க மாப்பிள்ள சாப்புடுறாக. ரோட்டுல நிக்கிறவன் பூராம் எலையில என்ன இருக்குன்னு எண்ணிக்கிட்டு நிப்பான். கண்ணு பட்டுரும்."

"ரொம்ப வெக்கையா இருக்கும்மா."

"வெக்க எங்களுக்கும்தான் இருக்கு. நாங்க பொறுத்துக்கிட்டு இல்லையா?"

"ஒரு கதவ மட்டுமாவது..."

"முன்னாடி வந்தது நாங்கதானே தம்பி?" ஆச்சியின் குரல் ஒரு படி ஏறியது. மாப்பிள்ளை இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள், "ஆத்தா, விடுங்களேன்" என்று முனகியது யார் காதிலும் ஏறவில்லை.

அந்த மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. மனைவிக்கு முன்னால், அதுவும் ஊரை விட்டுப் போகிற நாளில், ஒரு சன்னலைக் கேட்டு வாங்க முடியவில்லை. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இந்த இடத்தில் நான் புகுந்தேன். "சன்னல் அப்படியே இருக்கட்டும் ஆச்சி. அண்ணனுக்கு ஃபேனக் கூட்டி விடுறேன்" என்று சொல்லிவிட்டு, சுவரிடம் போய்ச் சமாதானத்தைத் திருகினேன். டக், டக். மேலே பார்த்துத் தலையாட்டினேன்.

அவர் மனைவியிடம் குனிந்து, "இப்ப எப்படி இருக்கு புள்ள?" என்று கேட்டார்.

"இப்பப் பரவால்ல. நீங்க சாப்புடுங்க" என்றார் அந்த அம்மா.

ஆச்சிக்கும் திருப்தி, அவருக்கும் திருப்தி. மேனேஜர் அண்ணனே வந்திருந்தாலும் இதைவிடச் சுத்தமாக முடித்திருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தியபடி கூடத்துக்குப் போனேன். ரீட்டாவுக்கு எந்த நிறத்தில் புடவை எடுக்கலாம் என்று கூட யோசித்தேன் என்று சொன்னால் நம்ப வேண்டும்.

குழம்பு முடிந்து ரசம் போய்க்கொண்டிருந்த நேரம். அடுப்படியில் இரண்டாம் ஈடு தாளிப்பு. வற்றல் மிளகாய் கருகி, நெடி புகையாகக் கிளம்பியது. எங்களுக்கே கண்ணைக் கரித்தது. அந்த நெடி பக்கத்தில் இருந்த குடும்ப அறைக்குள் புகுந்தது. வெளியே போக இருந்த ஒரே சன்னலும் சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து இருமல் கேட்டது, பிறகு ஒரு டம்ளர் கீழே விழுந்த சத்தம், பிறகு "யா அல்லாஹ்" என்று அவர் போட்ட கூப்பாடு.

ஓடிப்போய்ப் பார்த்தால் அந்த அம்மா அவர் தோளில் சரிந்து கிடக்கிறார். துப்பட்டி விலகியிருந்தது. அப்போதுதான் எல்லோரும் பார்த்தோம், பிள்ளைத்தாய்ச்சி. ஆறு மாதமாவது இருக்கும். எனக்குக் கை கால் ஓடவில்லை.

ஆச்சிக்கு ஓடியது. எச்சில் கையோடு எழுந்தவர், இடது கையால் தாழ்ப்பாளை இழுத்துச் சன்னல் கதவு இரண்டையும் படாரென்று திறந்தார். வெளியே நிழலுக்கு நின்ற ஏழெட்டுத் தலைகள் உள்ளே எட்டிப் பார்த்தன. ஆச்சி திரும்பி, "மாப்பிள்ள, அங்குட்டுப் போயி மறைச்சு நில்லுங்க" என்றார். அரை நிமிஷத்துக்கு முன்பு வரை யார் கண்ணும் படக் கூடாதவராக இருந்த அந்த மாப்பிள்ளை, வாயில் சோற்றோடு சந்துக்கு ஓடி, சன்னலுக்கு முன்னால் முதுகைக் காட்டி, காற்று வர இடம் விட்டு, பட்டுக் கரைத் துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி நின்றார். "போங்கய்யா, போங்கய்யா" என்று அவர் கூட்டத்தை விரட்டியது உள்ளே கேட்டது. ஆச்சி வெற்று இலைக் கட்டு ஒன்றைத் தூக்கி விசிறினார். மகள் அந்த அம்மாவின் காலைத் தேய்த்தார். நான் தண்ணீரும் சோடாவும் கொண்டு வந்தேன். மேனேஜர் அண்ணன் வாசலில் வந்து நின்றார்.

இரண்டு மூன்று நிமிஷம்தான் இருக்கும். அந்த அம்மா கண்ணைத் திறந்தார், முதல் வேலையாகத் துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார். ஆச்சிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அது அப்படியே கோபமாக மாறி அந்த அம்மாவின் கணவர் மேல் பாய்ந்தது.

"மாசமா இருக்கான்னு ஒரு வார்த்த சொல்லப்பிடாதா தம்பி? நான் என்ன ராட்சசியா?"

"எப்படிம்மா சொல்லுறது, நாலு பேருக்கு முன்னால..." என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நீங்க நல்லா இருக்கணும். நல்லவேள நீங்க ஃபேனக் கூட்டி வச்சீக. இல்லாட்டி முன்னாடியே விழுந்திருப்பா. உங்கள மறக்க மாட்டேண்ணே."

எனக்கு அந்தக் கையை எப்படி விடுவிப்பது என்று தெரியவில்லை. மேனேஜர் அண்ணன் என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார், பேசாமல் இரு என்று. பேசாமல் இருந்திருந்தால் முடிந்தது. அவர் பினாங்கு போய்விடுவார், அங்கே போய் என்னைப் பற்றி நாலு பேரிடம் நல்லதாகச் சொல்வார். நாலு நாளில் நான் சூப்பர்வைசர். எல்லாம் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் அந்த நன்றி உள்ளே இறங்கவே இல்லை.

"அண்ணே, நான் ஃபேனக் கூட்டலண்ணே. அந்தக் குமிழ் சும்மா. திருகினா ஒண்ணும் ஆகாது. ரொம்ப நாளாவே அப்படித்தான்" என்றேன்.

அவர் கை தளர்ந்தது. சுவரைப் பார்த்தார், மேலே ஃபேனைப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் எங்கள் ஹோட்டலில் ஒரு வாடிக்கையாளர் தலையைத் தூக்கி ஃபேனைப் பார்த்தது அன்றைக்குத்தான். அவர் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

திட்டுகிற வேலையை ஆச்சி எடுத்துக்கொண்டார். "அடப் படுபாவி! அப்ப நான் போன மாசம் வந்தப்பத் திருகினியே, அதுவும் சும்மாவா? தலையவேற ஆட்டுனியேடா! மேனேஜர், இவனக் காலையில இந்த ஹோட்டல்ல நான் பாக்கப்பிடாது. இன்னையோட நிறுத்திப்புடணும்."

மேனேஜர் அண்ணன் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, "ஆகட்டும் ஆச்சி" என்றார்.

வாத்தியார் முகம், ரீட்டா முகம் எல்லாம் வரிசையாக வந்து போயின. அடுப்படிக்குப் பின்னால் போய் விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் கழித்து அண்ணன் வந்தார்.

"என்னத்துக்குடா சொன்னே? நான்தான் கண்ணக் காட்டுனேன்ல?"

"கையப் புடிச்சு நன்றி சொன்னாகண்ணே. அத வாங்கிக்கிற முடியல."

அண்ணன் கையில் இருந்த துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். "என்னாலயும் முடிஞ்சிருக்காது. ஆனா நான் வாங்கியிருப்பேன்" என்றார். பிறகு, "எந்திரி. ஸ்க்ரூ டிரைவர எடுத்துக்கிட்டு வா" என்றார்.

"என்னைய நிறுத்திட்டீகளேண்ணே?"

"இத்தன வருசமா எத்தன ஆகட்டும் சொல்லியிருக்கேன், அதுல எதுடா நடந்திருக்கு?"

அன்றைக்கே ஆறு குமிழையும் நாங்கள் இருவரும் கழற்றினோம். அடுத்த முறை ஆச்சி வந்து என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கியபோது, அண்ணன் சுவரில் இருந்த வெற்று ஓட்டைகளைக் காட்டி, "நிறுத்தியாச்சு ஆச்சி, ஆறு பேரையும் ஒரே நாள்ல நிறுத்தியாச்சு" என்றார். ஆச்சி சிரிக்காமல் இருக்கப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டார். புது ரெகுலேட்டர்கள் வந்தன. குடும்ப அறைச் சன்னலுக்குப் பாதி உயரத்துக்கு ஒரு மூங்கில் தட்டி வந்தது. காற்றும் வரும், தலையும் தெரியாது. இவ்வளவு எளிய காரியத்தை ஏன் அதற்கு முன் ஒருவரும் செய்யவில்லை என்று கேட்டால், சமாதானம் இருந்ததால் தேவைப்படவில்லை என்பதுதான் உண்மை. பாக்கி இருந்த அந்த நாலு நாளும் முடிந்து நான் சூப்பர்வைசர் ஆனேன். இந்தக் கதையை ரீட்டாவிடம் கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னேன். "அன்னைக்கு உங்கள நிறுத்தியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்" என்று அவள் இன்றைக்கும் சொல்கிறாள்.

அந்த நாளில் ஒன்று சொல்லாமல் விட்டிருக்கிறேன். இதை மேனேஜர் அண்ணனிடம் கூட நான் சொன்னதில்லை.

குமிழ்களைக் கழற்றத் தொடங்கும் முன், அந்தத் தம்பதி கிளம்பிய நேரம் அது. ஆச்சி அந்த அம்மாவைத் தன் மேசைக்கே கூப்பிட்டு, திறந்த சன்னலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, கூடவே இருந்து மோர்ச் சோறு சாப்பிட வைத்துவிட்டுத்தான் போனார். கணவர் ரிக்ஷா பிடிக்க ரோட்டுக்குப் போயிருந்தார். அந்த அம்மா கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார். நான் ஒரு நாற்காலியைக் கொண்டு போய்ப் போட்டேன். நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லாமல், "மன்னிச்சிருங்கம்மா" என்றேன்.

"அந்த ஃபேன் கூடலன்னு எனக்கு அப்பவே தெரியும்ணே" என்றார்.

நான் நிமிர்ந்தேன். "எப்படிம்மா?"

"துப்பட்டி ஓரம் கூடுதலா அசையவே இல்லையே. நீங்க திருகுறதுக்கு முன்னாடி எப்படிக் கெடந்துச்சோ அப்படியேதான் கெடந்துச்சு."

"அப்பறம் ஏம்மா பரவால்லன்னு சொன்னீக?"

"அவுக மொகத்தப் பாத்தீகளாண்ணே? சன்னலக் கேட்டு, அது கெடைக்காம, எப்படி ஒக்காந்திருந்தாக. எனக்கு முடியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா சோத்தப் போட்டுட்டு எந்திரிச்சிருப்பாக. இனி மூணு வருசத்துக்கு அவுக பக்கத்துல ஒக்காந்து நான் எங்குட்டுச் சாப்புடுறது? வயிறாரத் திங்கட்டும்னு இருந்தேன்." லேசாகச் சிரித்தார். "ரசம் வரைக்கும் தாங்கிட்டேன்ல?"

வெளியே ரிக்ஷா மணி கேட்டது. "அவுககிட்டச் சொல்லிறாதீக" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று அதுவரை மனசுக்குள் ஒரு சின்ன நிம்மதி இருந்தது. அது அந்த இடத்திலேயே கரைந்தது. என்னோடு பேசியவர், சண்டை போட்டவர், நன்றி சொன்னவர் எல்லோரையும் நான் கவனித்திருக்கிறேன். மூச்சு முட்ட உட்கார்ந்திருந்தவரை ஒரு முறை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு வந்த வெட்கம் கொஞ்ச நஞ்சமில்லை.

அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அதே கூடத்தில் நின்றேன். ஃபேனைக் கூட்டு, ஃபேனைக் குறை என்ற சத்தம் ஒரு நாளும் ஓயவில்லை. சத்தம் கேட்டால் நான் சத்தம் போடுகிறவர்கள் பக்கம் முதலில் போக மாட்டேன். அதே மேசையில் ஒன்றும் கேட்காமல், தலையைக் குனிந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறவர் யார் என்று தேடிப் போய், அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி, "உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்பேன். அநேகமாக எல்லோரும் பரவாயில்லை என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொன்னவர்களுக்காகத்தான் நான் சன்னலைத் திறந்தேன்.